ஆளுநருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டதைப் பள்ளிப் பாடநூலில் படித்தவர்களில் பெரும்பாலோர், பிரிட்டன் தேயிலைக்கு வரியை ஏற்றியதால் அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். நானும் நண்பர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் அவ்வாண்டு லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவே இல்லை. கிழக்கிந்திய கம்பெனி இங்கிலாந்தில் கட்டிவந்த சுங்கத்தைத் திருப்பித் தந்து, இடைத்தரகர்கள் இல்லாமல் அமெரிக்காவுக்கு நேரடியாகத் தேயிலையை அனுப்பிக்கொள்ளவும் அனுமதித்ததால், அதன் விலை கள்ளத்தனமாக வந்திறங்கிய டச்சுத் தேயிலையோடு போட்டியிடும் அளவுக்குக் குறைந்தது. எஞ்சியிருந்தது, ராத்தலுக்கு மூன்று பென்னி என்ற பழைய வரி மட்டுமே. பொருள் மலிந்ததற்காக ஓர் ஊர் ஏன் கிளர்ந்தெழ வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அந்த மூன்று பென்னி எவ்வளவு என்பதை விட்டுவிட்டு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

வர்ஜீனியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை முதன்முதலாகக் கூடியது 1619-இல். அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் பதின்மூன்று குடியேற்றங்களிலும் அத்தகைய பேரவைகள் வேரூன்றிவிட்டன. பெரும்பாலான குடியேற்றங்களில் ஆளுநரை நியமித்தவர் அரசர். ஆனால் அந்த ஆளுநருக்குப் படியளந்தது பல இடங்களில் உள்ளூர்ப் பேரவை. மாசசூசெட்ஸில் ஆண்டுதோறும் அவருடைய சம்பளத்தை வாக்கெடுத்து வழங்கினார்கள். அவர் முரண்டு பிடித்தால் பணம் தாமதமாகும். வில்லியம் பர்னெட் என்ற ஆளுநர் 1728-இல் தமக்கு நிலையான சம்பளம் வேண்டுமென்று கேட்டபோது மாசசூசெட்ஸ் பேரவை கடைசிவரை இணங்கவில்லை. அந்தத் தகராறு தீராமலேயே மறு ஆண்டு அவர் இறந்துபோனார். இப்படி அரசரின் ஆள் உள்ளூர்க்காரர்களின் பணப்பையை நம்பி வாழ்ந்த நிலையே அவர்களுக்கு அரசியல் சுதந்திரம் என்பதன் நடைமுறைப் பொருளாக இருந்தது. தத்துவ நூல்களிலிருந்து மேற்கோள் காட்டவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் சண்டை என்று வந்தபோதெல்லாம் அவர்கள் கையில் இருந்த ஆயுதம் இந்தச் சம்பளப் பட்டியல்தான்.

1763-இல் முடிந்த ஏழாண்டுப் போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. பிரான்சிடமிருந்து கனடாவைப் பறித்த பிரிட்டன், சுமார் ஏழரைக் கோடி பவுண்டாக இருந்த தன் தேசியக் கடன் ஏறக்குறைய 13 கோடியாக வீங்கி நிற்பதைக் கண்டது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் நிரந்தரமாகப் பத்தாயிரம் படைவீரர்களை வைத்துக்கொள்வதென்றும், அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறுவதைத் தடுப்பதென்றும் லண்டன் முடிவு செய்தது. தடுப்பின் நோக்கம் பழங்குடிகளோடு மீண்டும் போர் மூளாமல் பார்த்துக்கொள்வது. ஆனால் மேற்கு நிலங்களில் பணம் போட்டிருந்த வாஷிங்டன் போன்ற வர்ஜீனியப் பண்ணையார்களுக்கு அது வயிற்றில் அடித்ததாகப் பட்டது. இந்தப் படைச் செலவில் ஒரு பகுதியையாவது குடியேற்றங்கள் ஏற்க வேண்டுமென்று லண்டன் நினைத்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த ஒருவர் கட்டிய வரி, அமெரிக்கக் குடியேற்றக்காரர் கட்டியதைப் போலப் பல மடங்கு. பிரிட்டனுக்குட்பட்டவர்களில் மிகக் குறைவாக வரி செலுத்தியவர்களே கிளர்ச்சி செய்தார்கள் என்பதை அவர்களைப் புகழ்ந்து எழுதுவோர் விரைவாகக் கடந்துபோய்விடுகிறார்கள்.

1765-இல் வந்த முத்திரைச் சட்டம், நீதிமன்ற ஆவணம், நிலப் பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு என எல்லாவற்றிலும் அரசு முத்திரை பதித்த தாளைக் கட்டாயமாக்கியது. வழக்கறிஞர், அச்சகத்தார், வணிகர், மதுக்கடைக்காரர் ஆகியோரை ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வழியை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எங்கள் பிரதிநிதி இல்லாத மன்றம் எங்களுக்கு வரி போடலாகாது என்று குடியேற்றக்காரர்கள் சொன்னார்கள். மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும்கூடத்தான் உறுப்பினர் கிடையாது, நாடாளுமன்றம் எல்லோருக்கும் சேர்த்தே பேசுகிறது என்று லண்டன் பதில் சொன்னது. ஆளரவமற்ற ஓல்டு சேரம் மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்களும் மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லாமலும் இருந்த ஒரு மன்றத்துக்கு அது இயல்பான பதிலாகத் தோன்றியிருக்கலாம். அமெரிக்காவிலோ, வயது வந்த வெள்ளை ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்குரிமை பெற்றிருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பதில் விளங்கவே இல்லை.

பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்கும் பொறுப்பு ஆண்ட்ரூ ஆலிவர் என்பவருக்குக் கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும், 1765 ஆகஸ்ட் 14-இல் அவருடைய கொடும்பாவி ஓர் எல்ம் மரத்தில் தொங்கியது. அவர் பதவி வேண்டாமென்று ஒதுங்கினார். பிற குடியேற்றங்களிலும் அப்படியே நடந்ததால், நவம்பர் 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏறத்தாழ எங்குமே தாளை விற்க ஆள் இல்லை. மறு ஆண்டு மார்ச்சில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. இந்தச் சம்பவத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பேரரசின் சட்டத்தை நிறைவேற்றத் தனி அதிகார வர்க்கம் ஏதும் அமெரிக்காவில் இருக்கவில்லை. விற்பனையாளர், நீதிபதி, ஷெரிஃப், ஊர்க்காவல் படைவீரர் எல்லோரும் அக்கம்பக்கத்து மனிதர்களே. அவர்கள் கையை விரித்துவிட்டால் லண்டன் சட்டம் வெறும் காகிதம். சட்டத்தைத் திரும்பப் பெற்ற அதே நாளில், எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு உண்டென்று நாடாளுமன்றம் ஓர் அறிவிப்புச் சட்டத்தையும் இயற்றி வைத்துக்கொண்டது.

1767-இல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது விதித்த இறக்குமதி வரிகள் தொகையில் அற்பமானவை. அவற்றின் நோக்கமோ அற்பமானதன்று. வசூலாகும் பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் அரசரே சம்பளம் கொடுக்கலாம் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறியது. பேரவைகள் நூறாண்டுகளாகக் கையில் வைத்திருந்த கடிவாளத்தை அவர்கள் கட்டும் வரியைக் கொண்டே அறுப்பதற்கான ஏற்பாடு அது. இறக்குமதி மறுப்பு இயக்கம் தீவிரமடைந்து, 1770 மார்ச் 5-இல் பாஸ்டன் தெருவில் படைவீரர்கள் சுட்டு ஐவர் இறந்த அதே மாதம், லண்டனில் தேயிலை தவிர மற்ற வரிகளை நீக்கும் வேலை தொடங்கியது. தேயிலை வரி மட்டும் தங்கிவிட்டது. 1772-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் இனித் தமக்கு அரசர் சம்பளம் கொடுப்பார் என்று தெரிவித்தபோது, பாஸ்டன் நகரக் கூட்டம் அவ்வாண்டு நவம்பரில் ஒரு கடிதத் தொடர்புக் குழுவை அமைத்தது. மாநிலத்தின் சிற்றூர்கள் பலவும் அதற்குப் பதில் எழுதின. இந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்துதான் பின்னாளைய கிளர்ச்சியின் நரம்பு மண்டலம் உருவானது.

தேயிலைக்கு இப்போது திரும்பலாம். கிழக்கிந்திய கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை தேங்கிக் கிடந்தது. 1770-இன் வங்காளப் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு அதன் கணக்குகள் ஆட்டங்கண்டன. 1773-இல் அரசு அதற்கு 14 லட்சம் பவுண்டு கடன் தந்தது, கூடவே கல்கத்தாவில் தலைமை ஆளுநர் பதவியை உருவாக்கிய ஒழுங்குமுறைச் சட்டத்தையும் இயற்றியது. வங்காளத்தில் நடந்தது அமெரிக்காவில் தெரியாத செய்தி அன்று. அவ்வாண்டு நவம்பரில் பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய ஒரு துண்டறிக்கையில், ஆசியாவில் பதினைந்து லட்சம் பேரைப் பட்டினியால் சாகவிட்ட கம்பெனி இப்போது அமெரிக்காவின் மீது கண் வைத்திருக்கிறது என்ற பொருள்பட எச்சரித்தார். பாஸ்டனில் தேயிலையை விற்கும் ஏகபோகம் பெற்ற முகவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள் என்பதும் யாருக்கும் தெரியாமல் இல்லை. மலிவான தேயிலையை வாங்கினால் மூன்று பென்னி வரியையும், அதன் மூலம் ஆளுநருக்கான சம்பளத்தையும், நாடாளுமன்றத்தின் உரிமையையும் சேர்த்தே வாங்கியதாகிவிடும். நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் வந்த கப்பல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. ஹட்சின்சன் மட்டும் வரி கட்டாமல் கப்பலைத் துறைமுகத்தை விட்டு வெளியே விடமாட்டேனென்று பிடிவாதமாக நின்றார். இருபது நாள் கெடு முடியும் முன்னிரவில், மோஹாக் இனத்தவர் போல வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி, தேயிலையைத் தவிர வேறெதையும் தொடாமல், சுமார் மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

தண்டனையாக 1774-இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. பாடநூல்கள் அதையே பெரிதாகச் சொல்கின்றன. உண்மையில் அதைவிடக் கடுமையானது மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். பேரவை தேர்ந்தெடுத்துவந்த ஆலோசனை சபை இனி அரசரின் நியமனம். ஆளுநரின் அனுமதியின்றி ஊர்க் கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடக் கூடாது. வழக்குகளில் தீர்ப்புச் சொல்லும் ஜூரர்களை இனி ஊர் தேர்ந்தெடுக்காது, ஷெரிஃப் பொறுக்குவார். அதுவரை அரசியலை எட்டி நின்று பார்த்த உழவர்களுக்கு, கடன் வழக்கில் தங்கள் நிலம் பறிபோகுமா என்பதைத் தீர்மானிக்கும் நீதிமன்றமே கைமாறிவிட்டது அப்போதுதான் உறைத்தது.

அதன் விளைவை பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வூஸ்டர் என்ற ஊரில் பார்க்கலாம். 1774 செப்டம்பர் 6 காலையில் அங்கே புதிய சட்டத்தின் கீழ் நீதிமன்றம் கூட வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத்து 37 ஊர்க்காவல் படைப் பிரிவுகளைச் சேர்ந்த 4,600-க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வந்து நீதிமன்றக் கதவை அடைத்துவிட்டு, பிரதான சாலையின் இரு மருங்கிலும் வரிசையாக நின்றார்கள். ஒரு விடுதியில் காத்திருந்த இரண்டு டஜன் நீதிபதிகளும் அலுவலர்களும் வெளியே அழைத்து வரப்பட்டனர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புதிய சட்டத்தின் கீழ் பதவி வகிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியை, வரிசையில் நின்ற ஒவ்வொரு பிரிவுக்கும் காதில் விழும்படி, நடந்து நடந்து முப்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. பாஸ்டனில் சுமார் மூவாயிரம் படைவீரர்களோடு இருந்த ஜெனரல் கேஜ் அங்கே ஒரு பிரிவை அனுப்ப எண்ணி, நிலவரம் தெரிந்ததும் கைவிட்டார். பத்தாயிரம் வீரர் போதும் என்று நினைத்தால் இருபதாயிரம் பேரை அனுப்புங்கள் என்று அவர் லண்டனுக்கு எழுதியது இதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். பாஸ்டன் நகருக்கு வெளியே மாசசூசெட்ஸில் அரச ஆட்சி அந்த இலையுதிர்காலத்திலேயே முடிந்துபோயிருந்தது. 1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனில் நடந்த துப்பாக்கிச் சூட்டைத் தொடக்கம் என்பது வழக்கம்; என்னைக் கேட்டால், கையைவிட்டுப் போன நாட்டை மீட்கப் பிரிட்டன் செய்த முதல் முயற்சி அது.

சுயாட்சிப் பழக்கம் மட்டுமே கிளர்ச்சிக்குப் போதுமென்று சொல்லிவிடவும் முடியாது. ஜமைக்காவிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை இருந்தது. 1774 டிசம்பரில் அது வட அமெரிக்கர்களுக்கு ஆதரவாக அரசருக்கு மனுகூட அனுப்பியது. ஆனால் தங்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் இருந்த அடிமைகளுக்கு நடுவே வாழ்ந்த அந்தத் தீவின் தோட்ட முதலாளிகளுக்குப் பிரிட்டிஷ் படை உயிர்க் காவல். அவர்களால் பிரிய முடியாது. வட அமெரிக்கர்களுக்கோ, கனடாவிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் 1763-இல் அகற்றப்பட்ட பிறகு அப்படியொரு காவலன் தேவைப்படவில்லை. பிரிட்டனின் மாபெரும் வெற்றியே அவர்களை விடுவித்திருந்தது.

அப்படியும் அவர்கள் விடுதலைப் பிரகடனத்தை எட்ட 1776 ஜூலை வரை ஆயிற்று. அதற்கு முந்தைய கோடையில்கூட அரசருக்குச் சமரச மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை ஏற்காமல், அவர்களைக் கிளர்ச்சியாளர்கள் என்று அறிவித்தார்.

பிறகு எப்படி வென்றார்கள்? வாஷிங்டனின் போர்த்திறனால் என்று சொன்னால் அவரே சிரித்திருப்பார். 1776-இல் நியூயார்க்கை இழந்தார். 1777-இல் தலைநகரமான ஃபிலடெல்ஃபியாவையும் பறிகொடுத்தார். ஐரோப்பிய நாடொன்றில் இந்நேரம் போர் முடிந்திருக்கும். இங்கே குடியேற்றங்களின் பொதுப் பேரவையான காங்கிரஸ் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு யார்க் என்ற சிற்றூருக்குப் போய் உட்கார்ந்தது. வேறெதுவும் மாறவில்லை, ஏனென்றால் அந்த நாட்டின் ஆட்சி தலைநகரில் இருக்கவே இல்லை. வூஸ்டர் போன்ற ஊர்களின் குழுக்களே வரி வசூலித்தன, படைக்கு ஆள் திரட்டின, அரச விசுவாசிகளைக் கண்காணித்தன. பிரிட்டிஷ் படை நின்ற இடத்தில் அரசரின் ஆட்சி நடந்தது. படை நகர்ந்ததும் குழு திரும்பி வந்துவிட்டது. 1776 டிசம்பரில் நியூஜெர்சியில் ஆயிரக்கணக்கானோர் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து பாதுகாப்புச் சீட்டு வாங்கினார்கள். சீட்டைப் படிக்கத் தெரியாத, பிரிட்டன் அமர்த்திய ஜெர்மானிய ஹெஸ்ஸியக் கூலிப்படை அவர்கள் வீட்டையும் சேர்த்தே சூறையாடியது. தெற்கில் அமெரிக்கத் தளபதி நத்தானியேல் கிரீன் ஏறத்தாழ எல்லாப் பெரிய சண்டைகளிலும் தோற்றார். கில்ஃபோர்ட் நீதிமன்ற ஊரில் 1781 மார்ச் 15-இல் அவரை வென்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், வெற்றிக்கு விலையாகத் தம் 1,900 வீரர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார். மூவாயிரம் மைல் கடல் தாண்டி ஒவ்வொரு வீரனும் வந்து சேர வேண்டிய படைக்கு அத்தகைய வெற்றிகள் கட்டுப்படியாகாது.

இருந்தாலும் வெறும் விடாப்பிடி அவர்களைக் கரை சேர்த்திருக்காது என்பதே என் கருத்து. காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணம் 1781-க்குள் செல்லாக்காசாகியிருந்தது. அவ்வாண்டு ஜனவரியில் பென்சில்வேனியப் படைப்பிரிவு சம்பளம் வராததால் கலகம் செய்தது. (வரி கட்ட மறுத்துத் தொடங்கிய புரட்சி, தன் காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தையே தராததன் பலன் இது.) தொடக்க ஆண்டுகளில் அவர்கள் பயன்படுத்திய வெடிமருந்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து, முக்கியமாகப் பிரான்சிலிருந்து வந்தது. 1777 அக்டோபரில் சரட்டோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்கோயினின் படை முழுவதும் சரணடைந்த செய்தி எட்டியதும், ஏழாண்டுப் போருக்குப் பழிவாங்கக் காத்திருந்த பிரான்ஸ் 1778 பிப்ரவரியில் வெளிப்படையாக உடன்படிக்கை செய்துகொண்டது. பதறிப்போன லண்டன், அமெரிக்காவில் வருவாய்க்காக இனி வரி விதிப்பதில்லை என்று சட்டமே இயற்றித் தூதுக்குழுவை அனுப்பியது. 1765-இல் கேட்டது 1778-இல் கிடைத்தது; அப்போது அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு பிரிட்டனுக்கு அமெரிக்கப் போர் பல போர்களுள் ஒன்றாகிவிட்டது. கடலூர்க்காரனாகிய எனக்கு இந்தப் பகுதியில் தனி அக்கறை உண்டு. பிரான்ஸ் போரில் இறங்கியதால் 1778 அக்டோபரில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது; மறு ஆண்டு, ஹைதர் அலி தம் பாதுகாப்பில் இருப்பதாகக் கருதிய பிரெஞ்சுத் துறைமுகமான மாஹியையும் அவர்கள் கைப்பற்றியது, 1780-இல் அவர் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் பாய்ந்ததற்கு ஒரு காரணமாயிற்று. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தரப்பின் பெய்லியின் படை அழிந்தது அந்த செப்டம்பரில். அமெரிக்கர்கள் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்: 1782-இல் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பிடித்த பென்சில்வேனியக் கப்பலின் பெயரே 'ஹைதர் அலி'. 1783 ஜூன் 20-இல் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் 15 கப்பல்களும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மோதிக்கொண்டபோது, ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதற்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி இன்னும் கோரமண்டலக் கரைக்கு வந்து சேரவில்லை.

தீர்மானமான அடி 1781-இல் யார்க்டவுனில் விழுந்தது. செப்டம்பர் 5-இல் பிரெஞ்சுக் கடற்படை செசபீக் விரிகுடாவின் வாயை அடைத்துக்கொண்டதால் கார்ன்வாலிஸுக்குக் கடல்வழி இல்லாமற் போயிற்று. முற்றுகையிட்டவர்களில் பாதியளவு பிரெஞ்சுக்காரர்கள். அக்டோபர் 19-இல் சரணடைந்தபோது அவர் உடல்நலமில்லை என்று சொல்லி வராமல் இருந்துவிட்டார். அவருக்குப் பதிலாக வந்த ஓஹாரா வாளைப் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் நீட்ட, அவர் வாஷிங்டனைக் கைகாட்டினார். துணைத்தளபதியின் வாளைத் தாம் வாங்க விரும்பாத வாஷிங்டன், சென்ற ஆண்டு சார்ல்ஸ்டனில் பிரிட்டனிடம் சரணடைந்து அவமானப்பட்ட பெஞ்சமின் லிங்கனிடம் அனுப்பிவைத்தார். பிரிட்டனிடம் நியூயார்க்கில் இன்னும் பெரும் படை இருந்தது. ஆனால் 1782 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை இனித் தாக்குதல் போர் வேண்டாமென்று வாக்களித்தது. அடுத்த மாதம் பிரதமர் நார்த் பதவி விலகினார்.

இந்த விடுதலை யாருடையது என்பதையும் கேட்டாக வேண்டும். குடியேற்றங்களில் வாழ்ந்த சுமார் 25 லட்சம் பேரில் ஐந்தில் ஒருவர் அடிமை. 1775 நவம்பரில் வர்ஜீனிய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் ஓடிவந்து தம் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அதுவரை தயங்கிய பண்ணையார்கள் பலரைக் கிளர்ச்சிப் பக்கம் தள்ளியது அந்த அறிவிப்பே என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. அரச விசுவாசிகளாக இருந்த சுமார் 60,000 பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். மேற்கு நிலங்களைப் பிரிட்டன் 1783-இன் பாரிஸ் சமாதான ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தபோது, அங்கே வாழ்ந்த பழங்குடிகளில் ஒருவரைக்கூடப் பாரிஸில் யாரும் கூப்பிடவில்லை.

கார்ன்வாலிஸ் 1786-இல் தலைமை ஆளுநராகக் கல்கத்தா வந்தார். வாரன் ஹேஸ்டிங்ஸ் தம் ஆலோசனை சபையோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருந்ததால், சபையின் பெரும்பான்மையை மீறி முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே பதவியேற்றார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகாலையும் பெற்றதும், அங்கே வரி வசூலிக்க அவர் அனுப்பியது அலெக்சாண்டர் ரீட் என்ற படைத் தலைவரை. அவருக்கு உதவியாளர்களுள் ஒருவராகச் சென்றவர் தாமஸ் மன்றோ. இந்தப் பிரிட்டிஷ் படை அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, தீர்வை எவ்வளவு என்று தாங்களே முடிவு செய்தார்கள். அவர்களுடைய சம்பளமும் அந்தத் தீர்வையிலிருந்துதான் போயிற்று.